பழைய வாட்ச் அசலா? முதலில் டயலைப் பாருங்கள்

கேள்வி இதுதான்: ஆன்லைனில் இரண்டு பழைய வாட்ச் பார்த்திருக்கிறீர்கள். ஒன்று மஞ்சள் டயல் போட்ட ஹெச்எம்டி பைலட். ‘அறுபதுகளில் வந்த விமானப்படை மாடல், நூறு சதவீதம் ஒரிஜினல்’ என்று விற்பவர் எழுதியிருக்கிறார். இன்னொன்று நீல டயல் போட்ட சீக்கோ 5, ‘எழுபதுகளின் மாடல்’. இரண்டும் தலா இரண்டாயிரம் ரூபாய்க்குள். பார்த்தால் புதுசு மாதிரியே இருக்கின்றன. அசலா, டூப்ளிகேட்டா, வீட்டில் உட்கார்ந்தபடி கண்டுபிடிக்க வழி உண்டா?

உண்டு. படங்களைப் பார்க்காமலேயே பாதி பதில் சொல்லிவிடலாம். உள்ளே ஓடுகிற மிஷின் அனேகமாக அசல். டயல் அனேகமாக அசல் இல்லை. இந்தியாவில் இந்த விலைக்குக் கிடைக்கிற ‘விண்டேஜ்’ வாட்ச்களில் பெரும்பகுதி இந்த ரகம்தான். சேகரிப்பவர்கள் இவற்றுக்கு ‘மும்பை ஸ்பெஷல்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

தொழில் இப்படி நடக்கிறது. ஹெச்எம்டி 1961-ல் ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியோடு சேர்ந்து பெங்களூரில் வாட்ச் செய்ய ஆரம்பித்தது. பிறகு பல பத்தாண்டுகள் நாட்டில் பாதிப் பேர் கையில் ஹெச்எம்டிதான் இருந்தது. சீக்கோ, சிட்டிசன், ஃபாவர் லூபா, வெஸ்ட் எண்ட் என்று வெளிநாட்டு வாட்ச்களும் ஏராளமாகப் புழங்கின. ஓடாமல் போனவை மேஜை டிராயர்களிலும் ரிப்பேர் கடை டப்பாக்களிலும் கிடந்தன. அவற்றை மொத்தமாக வாங்குகிறார்கள். ஓடக்கூடிய மிஷினைக் கழுவி எண்ணெய் போடுகிறார்கள். கறுத்துப்போன டயலைச் சுரண்டிப் புது பெயிண்ட் அடித்து மேலே பெயரை அச்சடிக்கிறார்கள். கேஸுக்கு, அதாவது வெளிக்கூட்டுக்கு, பாலிஷோ முலாமோ, புது பிளாஸ்டிக் கண்ணாடி, புது ஸ்ட்ராப். பிறகு ‘விண்டேஜ், சர்வீஸ் செய்தது’ என்ற அறிவிப்போடு விற்பனைக்கு வருகிறது. வாங்குபவர்களில் வெளிநாட்டுக்காரர்களும் நிறைய.

டயலுக்கு மறுபடி பெயிண்ட் அடிப்பதே மோசடி என்று நினைத்துவிடாதீர்கள். நம் ஊர் வியர்வைக்கும் ஈரக்காற்றுக்கும் டயல் புள்ளி விழுந்து கெட்டுப்போவது சகஜம். பழைய வாட்ச் கடைகளில் டயலைப் புதுப்பித்துத் தருவது சாதாரண வேலையாக இருந்தது. தாத்தாவின் வாட்ச்சை அப்பா அப்படிக் கொடுத்து வாங்கியிருந்தால் அது இன்னும் தாத்தாவின் வாட்ச்தான். அதே பெயிண்ட் டயலை வைத்துக்கொண்டு ‘கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்கிறது’ என்று சொல்லிக் காசு வாங்குவதுதான் ஏமாற்று. விற்பவர் ‘டயல் மட்டும் புதுசு சார்’ என்று தானாகவே சொன்னால், எனக்கு அவர்மேல் மரியாதைதான் வரும்.

டயலை இவ்வளவு பேசுவதற்குக் காரணம், பழைய வாட்ச்சின் விலை பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது. எல்லா விலைத் தட்டிலும் இதே கதை. ரோலக்ஸ் டேடோனாவில் 6239 என்று ஒரு மாடல். நடிகர் பால் நியூமன் கட்டியிருந்தது 2017-ல் நியூயார்க் ஏலத்தில் 1.77 கோடி டாலருக்குப் போனது. அந்த ஒன்றை விட்டுவிடுவோம், அதில் அவர் பெயரும் சேர்ந்திருக்கிறது. ஆனால் அதே 6239-ல் சாதாரண டயல் இருந்தால் ஒரு விலை, ‘பால் நியூமன் டயல்’ என்று பெயர் வந்துவிட்ட அந்த அபூர்வ டயல் இருந்தால் பல மடங்கு விலை. மிஷின் அதேதான், கேஸும் அதேதான். இப்படியொரு வித்தியாசம் இருந்தால் டயலைப் போலியாகச் செய்ய ஆள் வராமல் இருப்பானா?

சரி, டயலில் என்ன பார்ப்பது? பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், வாட்ச் ரிப்பேர்காரர்கள் கண்ணில் இடுக்கிக்கொள்வார்களே, அதுதான். ஆன்லைன் என்றால் நேர் மேலே இருந்து, கண்ணாடியில் வெளிச்சம் தெறிக்காமல் எடுத்த ஒரு படத்தைக் கேட்டு வாங்கிப் பெரிதாக்கிப் பாருங்கள்.

எழுத்தின் ஓரத்திலிருந்து ஆரம்பியுங்கள். கம்பெனி டயலில் எழுத்து எவ்வளவு சின்னதாக இருந்தாலும் ஓரம் கத்தியால் வெட்டியது போல இருக்கும். ‘17 ஜுவல்ஸ்’ (மிஷினுக்குள் உள்ள சின்னக் கற்களின் எண்ணிக்கை), ‘பாராஷாக்’ (அதிர்ச்சியைத் தாங்கும் அமைப்பு) போன்ற வரிகளில் எல்லா எழுத்தும் ஒரே தடிமன், ஒரே இடைவெளி. மறுபடி பெயிண்ட் அடித்த ‘மறு டயலில்’ மை கொஞ்சம் பரவி எழுத்து பருத்துத் தெரியும். ஆங்கில ‘ஓ’வின் நடு ஓட்டை அடைபட்டிருக்கும். ஒரு வரி லேசாகச் சாய்ந்து போகும். கம்பெனிப் பெயர் 12-க்கு நேர் கீழே இல்லாமல் அரை முடி அளவு ஒதுங்கியிருக்கும்.

அடுத்தது சுற்றிலும் உள்ள நிமிடக் கோடுகள். மணிக் குச்சிகள் உலோகத்தில் செய்து பதித்தவையாக இருந்தால், ஒவ்வொரு குச்சியின் நுனியும் அதற்குரிய கோட்டுக்கு நேராக வந்து நிற்க வேண்டும். பெயிண்ட் அடிக்கும்போது குச்சிகள் பழைய இடத்திலேயே இருக்கும், கோடுகள் மட்டும் புதிதாக அச்சாகும். 12-லும் 6-லும் சரியாக இருந்து, 4-லும் 8-லும் ஒரு பக்கமாக விலகியிருந்தால் டயல் மறுபடி அச்சானது என்று தாராளமாகச் சொல்லலாம். குச்சியின் அடியில் பெயிண்ட் குட்டையாகத் தேங்கி நிற்கிறதா என்றும் பாருங்கள்.

தேதி ஜன்னல் இருந்தால் அங்கே கண்ணை நிறுத்துங்கள். கம்பெனி டயலில் ஜன்னலின் ஓரம் சுத்தமாகச் சீவப்பட்டிருக்கும், அல்லது சட்டம் போட்டிருக்கும். மறு டயலில் பெயிண்ட் அந்த ஓரத்தில் வழிந்து, மூலைகள் மழுங்கிப்போயிருக்கும். தேதி எண் ஜன்னலின் நடுவில் வராமல் மேலேயோ பக்கத்திலோ இடிக்கிறதென்றால் விஷயம் இன்னும் பெரிது. டயலின் பின்பக்கத்தில் இரண்டு சின்னக் கால்கள் இருக்கும், அவை மிஷினில் உள்ள துளைகளில் போய் உட்காரும். வேறு மாடல் டயலைக் கொண்டுவந்து போடுகிறவர் அந்தக் கால்களை வெட்டிவிட்டுப் பசை வைத்து ஒட்டிவிடுவார். ஒட்டியது ஒருபோதும் அவ்வளவு நேராக உட்காராது.

முட்களையும் விடாதீர்கள். நிமிட முள் நிமிடக் கோட்டைத் தொடும் அளவுக்கு நீளமாக இருக்க வேண்டும். பாதி வழியில் நின்றுவிட்டால் அது வேறு வாட்ச்சின் முள்.

நிறங்களைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன், உங்கள் மஞ்சள் பைலட் விஷயமே இதுதான். பைலட் என்றால் கறுப்பு டயலில் வெள்ளை எண்கள், அதுதான் அதன் முகம். மஞ்சள், சிவப்பு, ஆரஞ்சு, கிளிப்பச்சை என்று வருபவை, காந்தி படம் போட்டவை, விமானப்படைச் சின்னம் போட்டவை, பிள்ளையார் போட்டவை எல்லாம் பெரும்பாலும் பின்னால் யாரோ அடித்த பெயிண்ட். ராணுவம், ரயில்வே, விமானப்படை என்று எந்த வாட்ச் வந்தாலும் எனக்கு முதலில் சந்தேகம்தான். பட்டாளத்துக் கதை சேர்ந்தால் விலை ஏறும். பின்மூடியில் நாலு எழுத்து செதுக்க எவ்வளவு நேரம் ஆகப்போகிறது?

அடுத்த கட்டத்துக்கு வருவோம். ஒரு வாட்ச்சில் டயல், மிஷின், கேஸ் மூன்றும் தனித்தனியாகச் சாட்சி சொல்லும். சாட்சிகள் ஒத்துப்போகிறார்களா என்று பார்ப்பதுதான் நம் வேலை. இதற்குச் சீக்கோவைவிடச் சௌகரியமான வாட்ச் கிடையாது, எல்லாவற்றையும் நம்பரில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

பின்மூடியைத் திருப்பினால் 7009-க்குப் பின் ஒரு கோடு, அப்புறம் இன்னொரு நாலிலக்கம் என்பது போல ஒரு எண் இருக்கும். முதல் நாலு இலக்கம் மிஷினின் மாடல், அடுத்தது கேஸின் மாடல். டயலின் கீழ் ஓரத்தில், 6-க்கு இரண்டு பக்கமும், லென்ஸ் இல்லாமல் படிக்க முடியாத அளவுக்குப் பொடி எழுத்தில் இன்னொரு எண் இருக்கும். அதுவும் அதே நாலு இலக்கத்தில்தான் ஆரம்பிக்க வேண்டும். மூடியைக் கழற்றினால் மிஷின்மேலும் ‘7009ஏ’ என்பது போலப் பொறித்திருக்கும். மூன்றும் ஒன்று என்றால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. மறு டயல் அடிப்பவர்கள் பலர் அந்தப் பொடி எண்ணை அச்சடிப்பதே இல்லை. அடித்தாலும் படிக்க முடியாத கிறுக்கலாக இருக்கும், அல்லது வேறு மாடலின் எண்ணாக இருக்கும்.

பின்மூடியில் ஆறு இலக்கத்தில் ஒரு சீரியல் நம்பரும் இருக்கும். முதல் இலக்கம் வருடத்தின் கடைசி இலக்கம், இரண்டாவது மாதம். ஜனவரி முதல் செப்டம்பர் வரை 1 முதல் 9. அக்டோபருக்கு ஓ, நவம்பருக்கு என், டிசம்பருக்கு டி என்ற ஆங்கில எழுத்து. 7-ஐ அடுத்து ‘என்’ எழுத்து வந்தால் ஏதோ ஒரு ‘7’ வருடத்தின் நவம்பர். அது 1977-ஆ 1987-ஆ என்பதை மிஷின் மாடலை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ‘எழுபதுகளின் சீக்கோ’ என்று வருகிற வாட்ச்சின் பின்மூடியில் 7எஸ்26 என்று இருந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம், அந்த மிஷின் வந்ததே 1996-ல். இன்னொரு சின்ன சோதனையும் உண்டு. 7009, 7எஸ்26 இரண்டுக்கும் கையால் சாவி கொடுக்க முடியாது, கையில் கட்டி ஆட்டினால்தான் ஏறும். ‘7009, சாவி கொடுத்தால் நன்றாக ஓடும்’ என்று ஒருவர் எழுதினால், ஒன்று அவருக்கு வாட்ச் தெரியாது, அல்லது உள்ளே வேறு மிஷின்.

ஹெச்எம்டியில் இவ்வளவு சுலபம் இல்லை. ஆனாலும் மூடியைத் திறந்தால் மிஷினின் பாலத்தில் (பாகங்களைத் தாங்கிப் பிடிக்கும் தகட்டில்) ஹெச்எம்டி பெயர் பொறித்திருக்க வேண்டும். டயல் எத்தனை ஜுவல் என்று சொல்கிறதோ அத்தனையைத்தான் மிஷினும் சொல்ல வேண்டும். டயலில் 21, உள்ளே 17 என்றால் இரண்டும் ஒன்றாகப் பிறந்தவை அல்ல. சாவி கொடுக்கிற ஜனதாவோ பைலட்டோ மணிக்கு 18,000 தடவை அடிக்கும், வினாடிக்கு 5. போனில் ஸ்லோ மோஷன் வீடியோ எடுத்து வினாடி முள்ளின் தாவலை எண்ணிப் பாருங்கள். 7009 என்றால் மணிக்கு 21,600, வினாடிக்கு 6. வினாடிக்கு ஒரே ஒரு தாவல் என்றால் உள்ளே பேட்டரி மிஷின் என்று அர்த்தம். பழைய கேஸுக்குள் மலிவான குவார்ட்ஸ் மிஷினை வைத்துத் தள்ளிவிடுவதும் நடக்கிறது, வீடியோ கேட்டால் இது உடனே மாட்டிக்கொள்ளும்.

ஹெச்எம்டி வாட்ச் கம்பெனியை மூட மத்திய அரசு 2016-ல் முடிவு செய்தது. அதன் பிறகு விலையும் ஏறியது, போலியும் ஏறியது. ஹெச்எம்டி பெயரில் இன்றைக்கும் புது வாட்ச்கள் விற்கிறார்கள், அது தவறில்லை. அவற்றை ‘பெட்டி பிரிக்காத பழைய ஸ்டாக்’ என்று சிலர் விற்பதுதான் தவறு.

இருட்டில் ஒளிரும் பூச்சு இருக்கிறதே, அது வயதை நன்றாகக் காட்டிக்கொடுக்கும். ஐம்பதுகள் வரை ரேடியம் பூசினார்கள். அறுபதுகளிலிருந்து சுவிஸ் வாட்ச்களில் டிரிட்டியம் வந்தது. டயலின் கீழ் ஓரத்தில் ‘டி சுவிஸ் டி’ என்று போட்டிருந்தால் அதுதான். டிரிட்டியத்தின் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறைய ஆகும் காலம், 12.3 வருடம். அறுபதுகளின் தொடக்கத்தில் பூசியது இன்று ஐந்து அரை ஆயுளைத் தாண்டிவிட்டது, முப்பத்திரண்டில் ஒரு பங்குகூட மிச்சமில்லை. இப்போது நாம் பார்க்கிற, வெளிச்சம் காட்டினால் ராத்திரி முழுக்கப் பச்சையாக எரிகிற பூச்சு தொண்ணூறுகளில்தான் புழக்கத்துக்கு வந்தது. எனவே ‘1965 ஒமேகா, ராத்திரியில் சூப்பராக ஜொலிக்கும்’ என்றால், பூச்சு சமீபத்தில் போட்டது. பூச்சு புதுசு என்பதற்காக வாட்ச்சே போலி ஆகிவிடாது. ‘கை படாத ஒரிஜினல்’ என்ற பேச்சு மட்டும் அடிபட்டுப் போகும். முள்ளில் உள்ள பூச்சும் டயலில் உள்ள பூச்சும் ஒரே மாதிரி மங்கியிருக்கின்றனவா என்றும் பாருங்கள். டயலில் தேன் நிறம், முள்ளில் பால் வெள்ளை என்றால் முள் மாறியிருக்கிறது. ஒரு எச்சரிக்கை: ரேடியத்தின் அரை ஆயுள் 1,600 வருடம். ஒளி செத்துப்போனாலும் கதிர்வீச்சு அப்படியேதான் இருக்கும். பழைய டயலை வீட்டில் திறந்து சுரண்டிப் பார்க்கிற வேலை வேண்டாம், அந்தத் தூள் மூச்சில் போகக் கூடாது.

கேஸ் விஷயத்தில் என் கண் முதலில் போவது பட்டை மாட்டும் கொம்புகளுக்கு. புதிதாக வந்தபோது அவற்றின் விளிம்புகள் கூராக இருந்திருக்கும். பல தடவை பாலிஷ் போட்டால் சோப்பு மாதிரி கரைந்து உருண்டுவிடும். பின்மூடி எழுத்து தேய்ந்து குழிக்குள் முலாம் நிரம்பியிருந்தால், தேய்ந்த பிறகு முலாம் போட்டிருக்கிறார்கள். அளவையும் கேளுங்கள். அறுபது எழுபதுகளின் ஆண்கள் வாட்ச் பெரும்பாலும் 34 முதல் 36 மில்லிமீட்டர்தான். 45 மில்லிமீட்டரில், பின்பக்கம் கண்ணாடி போட்டு, ‘1920 ஒமேகா’, ‘1930 லாஞ்சின்ஸ்’ என்று வந்தால் அது பாக்கெட் வாட்ச்சின் மிஷினை எடுத்துப் புதுக் கேஸில் வைத்தது. மிஷின் நிஜமாகவே நூறு வயசுக்காரராக இருக்கலாம். கைக்கடிகாரமாக அவர் பிறக்கவில்லை. பழைய ரோலக்ஸில் பின்பக்கக் கண்ணாடி இருந்தாலும் அப்படியே விலகிவிடுங்கள், அந்தக் காலத்தில் அவர்கள் அப்படிச் செய்யவில்லை.

உறுப்புகள் எல்லாம் அசலாக இருந்தும் மொத்த வாட்ச் போலியாக இருக்க முடியும் என்பதற்கு ஜெனீவாவிலேயே உதாரணம் இருக்கிறது. ஒமேகா ஸ்பீட்மாஸ்டரின் முதல் மாடல் 1957-ல் வந்த 2915-1. பழுப்பேறிய டயலோடு அப்படியொன்று 2021 நவம்பரில் பிலிப்ஸ் என்ற ஏல நிறுவனத்தின் ஏலத்துக்கு வந்தது. ஒரு லட்சம் சுவிஸ் ஃபிராங்க் சுமாருக்குப் போகலாம் என்று மதிப்பிட்டிருந்தார்கள், போனது 31 லட்சத்துக்கு மேல். இரண்டு வருடம் கழித்து 2023-ல்தான் விஷயம் வெடித்தது. பல இடங்களிலிருந்து பொறுக்கிய பாகங்களைச் சேர்த்து உருவாக்கிய வாட்ச் அது என்று தெரியவந்தது. வாங்கியதே ஒமேகாதான், தன் மியூசியத்துக்காக. தன் முன்னாள் ஊழியர்கள் மூன்று பேருக்கு இதில் கை இருந்தது என்று ஒமேகாவே சொன்னது. செய்த கம்பெனியையே ஏமாற்றியிருக்கிறார்கள். இந்தக் கதையைக் கேட்டுப் பயந்துவிட வேண்டாம், உங்கள் இரண்டாயிரம் ரூபாய் வாட்ச்சுக்கு அவ்வளவு மெனக்கெட யாரும் வரமாட்டார்கள். நம் ஊர்ப் போலிகளில் அவசரம் தெரியும், அதுதான் நமக்குச் சாதகம்.

வாங்கும் முன் விற்பவரிடம் கேட்க வேண்டியது: டயல் நேர்ப்படம், பின்மூடி வெளிப்பக்கம், மூடியைத் திறந்து மிஷின் படம், பத்து வினாடி வீடியோ. ரிப்பேர்காரருக்கு மூடியைத் திறப்பது இரண்டு நிமிட வேலை. ‘திறந்தால் சீல் போய்விடும்’ என்று மறுப்பவரிடம் நான் வாங்கமாட்டேன், சர்வீஸ் செய்ததாக அவரே எழுதியிருக்கும்போது திறக்காமல் எப்படிச் செய்தார்? ஒரே ஆள் ஒரே மாடலை எட்டு நிறத்தில் விற்கிறாரா என்று அவருடைய மற்ற விற்பனைகளையும் ஒரு பார்வை பாருங்கள். ஊரில் நம்பிக்கையான பழைய வாட்ச் ரிப்பேர்காரர் இருந்தால் இன்னும் நல்லது. திருப்பித்தரும் வசதியோடு வாங்கி, வந்த அன்றே அவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

இப்போது உங்கள் இரண்டு வாட்ச். மஞ்சள் பைலட் ‘ஒரிஜினல்’ என்ற விலைக்கு வேண்டாம். கலர் பிடித்திருக்கிறது, ஆபீசுக்குக் கட்டிக்கொண்டு போக வேண்டும், அவ்வளவுதான் என்றால் மிஷின் வீடியோவைப் பார்த்துவிட்டுப் பாதி விலைக்குக் கேளுங்கள். பைலட்தான் வேண்டும் என்றால் கறுப்பு டயலில், எழுத்து கொஞ்சம் மங்கி, கண்ணாடியில் கீறலோடு, அழுக்காக இருப்பதைத் தேடுங்கள். ஒரு வீட்டிலிருந்து நேராக வந்ததாக இருந்தால் இன்னும் விசேஷம். சீக்கோவுக்கு இன்றே ஒரு மெசேஜ் அனுப்பி, பின்மூடிப் படத்தையும் டயலில் 6-க்குக் கீழே உள்ள இடத்தின் கிட்டப்படத்தையும் கேளுங்கள். இரண்டிலும் முதல் நாலு இலக்கம் ஒன்றாக இருந்து, அந்த மாடல் எழுபதுகளில் வந்ததாகவும் இருந்தால், மிஷின் படத்தையும் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டு அந்த விலைக்குத் தாராளமாக எடுக்கலாம். டயலின் கீழ் ஓரத்தில் வெறும் நீலப் பெயிண்ட் மட்டும் இருந்தால் விட்டுவிடுங்கள், சீக்கோ 5-க்குச் சந்தையில் பஞ்சமே இல்லை.